டார்கெட் பிரைஸை நம்பலாமா, அனலிஸ்ட் வேலைக்குப் போகலாமா?

ஒரே பங்குக்கு ஒரு அனலிஸ்ட் (கம்பெனிகளை ஆராய்ந்து பங்குகளை வாங்கலாமா, விற்கலாமா என்று சொல்பவர்) டார்கெட், அதாவது பங்கு எட்டும் என்று கணிக்கும் விலை, 1000 என்கிறார், இன்னொருவர் 800 என்கிறார். இருவரும் பார்ப்பது கம்பெனியின் ஒரே லாப நஷ்ட ரிசல்ட்தானே?

ரிசல்ட் ஒன்றுதான், அனுமானம் வேறு. அடுத்த வருடம் ஒரு பங்குக்கு 40 லாபம் வரும் என்று இருவருமே எழுதியிருக்கலாம். ஒருவர் அதற்கு 25 மடங்கு விலை கொடுக்கலாம் என்பார், 1000 வந்துவிடும், இன்னொருவருக்கு 20 மடங்கே போதும், 800. அந்த 25 எங்கிருந்து வந்தது என்று ரிப்போர்ட்டில் தேடினால் பல சமயம் 'கடந்த ஐந்து வருட சராசரி' என்று ஒற்றை வரிதான் கிடைக்கும். வளர்ச்சி பாதியாகக் குறைந்த கம்பெனிக்குப் பழைய சராசரி எதற்கு என்று அங்கே யாரும் கேட்பதில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டார்கெட்டை ஏற்றும்போது லாப மதிப்பீடும் ஏறியதா, அல்லது மடங்கு மட்டும் 25லிருந்து 30 ஆனதா? மடங்கு மட்டும் என்றால், பங்கு விலை முன்னால் ஓடுகிறது, அனலிஸ்ட் பின்னால் ஓடுகிறார், அவ்வளவுதான்.

'விற்றுவிடுங்கள்' என்று யாருமே சொல்வதில்லையே, ஏன்?

சொன்னால் அந்தக் கம்பெனி நிர்வாகம் அடுத்த முறை முகம் கொடுத்துப் பேசாது. பங்கு வெளியீட்டு வேலையை அதே கம்பெனியிடமிருந்து வாங்கக் காத்திருக்கும் அனலிஸ்ட்டின் சொந்த நிறுவனமும் முகம் சுளிக்கும். அமெரிக்க எரிசக்தி கம்பெனியான என்ரான் 2001 டிசம்பரில் திவாலானது. அக்டோபர் கடைசியில்கூட அதைப் பின்தொடர்ந்த அனலிஸ்ட்டுகளில் பெரும்பாலோர் 'வாங்கலாம்' என்றுதான் வைத்திருந்தார்கள். வெளியே புகழ்ந்த பங்குகளை உள்ளுக்குள் மின்னஞ்சலில் மட்டம் தட்டியதற்காக அமெரிக்க முதலீட்டு நிறுவனமான மெரில் லிஞ்சின் அனலிஸ்ட் ஹென்றி பிளாட்ஜெட் மீது நடவடிக்கை பாய்ந்தது. 2003இல் அவருக்கு அந்தத் தொழிலில் வாழ்நாள் தடை, இதே மாதிரிப் புகார்களைச் சமரசமாக முடிக்க வால் ஸ்ட்ரீட்டின் பத்து பெரிய நிறுவனங்களுக்குச் சுமார் 140 கோடி டாலர் செலவு. அப்புறம் விதிகள் இறுகின, ஆனாலும் பழக்கம் முழுசாகப் போகவில்லை. 'வாங்கலாம்' என்று இருந்தது சத்தமில்லாமல் 'வைத்திருக்கலாம்' ஆனால், அதை நான் கொஞ்சம் நாசூக்கான 'விற்கலாம்' என்றே படிப்பேன்.

டிவியில் சொன்ன பங்கை வாங்கினேன், 15 சதவீதம் இறங்கிவிட்டது. என்ன செய்வது?

அவர் மூன்று வாரத்துக்குச் சொன்னாரா, மூன்று வருடத்துக்கா? தெரியாது என்றால் பிரச்சினையே அதுதான். அவர் மனம் மாறினால் உங்களுக்குப் போன் போட்டுச் சொல்லப் போவதில்லை. கையில் அந்தப் பங்கே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், இன்றைய விலைக்கு வாங்குவீர்களா? மாட்டேன் என்றால் 'போட்ட காசு வரட்டும்' என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

மகள் காமர்ஸ் படிக்கிறாள், அனலிஸ்ட் ஆக வேண்டும் என்கிறாள். சி.எஃப்.ஏ. (முதலீட்டு ஆய்வுத் தொழிலுக்கான சர்வதேசத் தகுதி) போதுமா?

மதிப்பு உண்டு. மூன்று லெவல் பரீட்சை, அதோடு குறைந்தது 36 மாதங்களில் சேர்த்த 4000 மணி நேரத் தொடர்புள்ள பணி அனுபவமும் வேண்டும். ஆனால் வேலையில் முதல் சில வருடங்கள் எக்செல் ஷீட்டோடுதான், ரிசல்ட் சீசனில் ராத்திரி பகல் தெரியாது. டிவியில் பேசும் ஆசையால் மட்டும் வருகிறாள் என்றால் சீக்கிரம் அலுத்துவிடும். இப்போதே ஒரு கம்பெனியை எடுத்து அதன் ஐந்து வருட ஆண்டறிக்கைகளைப் படிக்கச் சொல்லுங்கள், குறிப்பாக லாபம் ஏறியும் கையில் காசு வராத வருடம் எது, ஏன் என்று. அதை இரண்டு பக்கத்தில் எழுதிக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போகட்டும், பேச நிறைய விஷயம் இருக்கும்.