அப்ரூவல் ஆகாத மால்கிராமோஸ்டிம் மருந்தை அமெரிக்காவுல முன்கூட்டியே வாங்க முடியுமா?

முடியும், ஆனா நோயாளி நேரா கேட்டு வாங்க முடியாது, டாக்டர் மூலமாதான் நடக்கும்.

இந்த மருந்து ஆட்டோஇம்யூன் பிஏபி (பல்மனரி ஆல்வியோலார் புரோட்டினோசிஸ்)ங்கிற அபூர்வ நுரையீரல் நோய்க்கு. அதுல என்ன ஆகுதுன்னா, ஜிஎம்-சிஎஸ்எஃப்னு ஒரு புரதத்தை உடம்பே ஆன்டிபாடி போட்டு முடக்கிடுது, அது இல்லாம நுரையீரல்ல இருக்கிற மேக்ரோஃபேஜ்ங்கிற துப்புரவு செல்கள், காற்றுப்பைகளை மூடிப்போகாம வெச்சிருக்கிற சர்ஃபாக்டன்ட்ங்கிற பூச்சுல பழசை க்ளீன் பண்ண முடியாம அப்படியே தேங்கிப்போய் மூச்சு வாங்குது. இதுக்கு ரொம்ப காலமா இருக்கிற வைத்தியம் நுரையீரலைக் கழுவுறதுதான். மயக்க மருந்து குடுத்து, ஒரு பக்கம் வென்டிலேட்டர்ல ஓட, இன்னொரு பக்கத்துல வெதுவெதுப்பான சலைன் லிட்டர் கணக்குல விட்டு எடுப்பாங்க, முதல்ல பால் மாதிரி வர்ற தண்ணி போகப்போகத் தெளியும். சிலருக்குத் திரும்பத் திரும்பப் பண்ணணும், பாவம்.

மால்கிராமோஸ்டிம் அதே ஜிஎம்-சிஎஸ்எஃப்பை நெபுலைசர்ல தினம் ஒரு தடவை இழுக்கிறது. 164 பேர் கலந்துகிட்ட இம்பாலா-2 ட்ரையல்ல 24 வாரத்துல வாயு பரிமாற்ற அளவு ப்ளசிபோவை (மருந்தில்லாத டம்மி) விட நல்லா ஏறுச்சு.

ட்ரையல்ல சேர வழியில்ல, வேற சரியான சிகிச்சையும் இல்லன்னா எஃப்டிஏவோட (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) எக்ஸ்பாண்டட் ஆக்சஸ் இருக்கு, அதாவது ட்ரையலுக்கு வெளியில அப்ரூவல் ஆகாத மருந்தைக் குடுக்கிற வழி. டாக்டர் முதல்ல கம்பெனிகிட்ட சம்மதக் கடிதம் வாங்கணும், சிக்கலே இங்கதான், கம்பெனி குடுத்தே ஆகணும்னு சட்டம் கிடையாது. அப்புறம் எஃப்டிஏ படிவம் 3926, ஆஸ்பத்திரி எத்திக்ஸ் கமிட்டி ஓகே. எஃப்டிஏ தடுக்கலன்னா 30 நாள்ல ஆரம்பிக்கலாம், அவசரம்னா ஃபோன்லயே அனுமதி தருவாங்க. மருந்துக்குக் காசு வாங்கணும்னா கம்பெனி எஃப்டிஏ அனுமதி வாங்கணும், லாபம் வைக்கக்கூடாது. டாக்டர் ஃபீஸ், டெஸ்ட் செலவெல்லாம் இன்சூரன்ஸ் குடுக்குமான்னு முன்னாடியே எழுத்துல கேட்டு வெச்சுக்கோங்க.