கிணற்றடியில் வந்து உட்கார்ந்த வண்ணப் பறவை: என்ன செய்வது?

தஞ்சை மாவட்டத்துப் பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஐப்பசி பிறந்த வாரம், இரவெல்லாம் மழை. விடிந்ததும் கொல்லைக் கதவைத் திறந்தால் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பறவை. பச்சை முதுகு, தோளில் பளீரென்று நீலம், வயிற்றடியில் குங்குமச் சிவப்பு, வால் இருக்கிறதா என்றே சந்தேகம். கிட்டே போனாலும் பறக்கவில்லை. "சந்தையில் விற்கிற கூண்டுப் பறவை ஏதோ தப்பி வந்திருக்கு" என்கிறார் மாமியார். வளர்க்கலாம் என்கிறான் மகன். சோறு வைத்தார்கள், பால் வைத்தார்கள், தொடவே இல்லை. மதியத்துக்குள் தானாகவே பறந்துவிட்டது. மறுபடி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அவர் கேள்வி. கூடவே இன்னொன்று: ஞாயிற்றுக்கிழமைகளில் சாலையோரம் காலைக் கட்டி மடையான் (குளத்துக் கொக்கு) விற்கிறார்கள், காசு கொடுத்து வாங்கிப் பறக்க விட்டால் புண்ணியம்தானே?

வந்தது ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். மாமியாரின் ஊகம் இயல்பானதுதான். இத்தனை நிறம் ஒரே உடம்பில் இருந்தால் வெளிநாட்டுக் கூண்டுப் பறவை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இது நம் நாட்டுக் காட்டுப் பறவை. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் தென்மேற்குப் பருவமழையின்போது குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் தொடங்குமுன் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வலசை வரும். நம் பக்கம் வந்து சேர்வது பெரும்பாலும் புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும். மைனாவைவிடச் சற்றுச் சின்னது. தலையில் உச்சியிலும் கண்ணை ஒட்டியும் கறுப்புப் பட்டை, தொண்டை வெள்ளை. தரையில் தத்தித் தத்தி நடக்கும், நின்றால் அந்தக் குட்டை வாலை மெல்ல மேலும் கீழும் ஆட்டும். இவ்வளவும் பொருந்தினால் வேறு பறவையாக இருக்க வழியில்லை.

அது ஏன் கிணற்றடியில் அப்படி உட்கார்ந்திருந்தது? வலசையில் இது பறப்பது இரவில். நூற்றுக்கணக்கான மைல் கடந்து களைத்து வரும் நேரத்தில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை பிடிக்கிறது. மழையும் மேகமும் கவிந்த இரவில் தெருவிளக்கும் மாடி விளக்கும் அதன் திசையைக் குழப்பிவிடும். சுவரிலோ கண்ணாடியிலோ மோதி விழும். மோதாவிட்டாலும் களைப்பில் கண்ட இடத்தில் இறங்கிவிடும். ஐப்பசி விடியற்காலையில் கொல்லை, குளியலறை, மாட்டுக்கொட்டகை என்று எங்கெங்கோ இதைப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். பெரும்பாலும் அதற்குத் தேவை ஓய்வு மட்டுமே. உங்கள் வீட்டில் வந்தது மதியம் பறந்ததும் அதனால்தான்.

இனி வந்தால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சும்மா உட்கார்ந்திருக்கிறது, கண் திறந்திருக்கிறது, இரண்டு இறக்கையும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன என்றால் தொடவே வேண்டாம். பூனை, நாய், குழந்தைகள் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். காக்கை கொத்த வந்தாலோ, பறவை சாய்ந்து கிடந்தாலோதான் கையில் எடுக்க வேண்டும். ஒரு செருப்பு டப்பாவில் முதலில் நாலைந்து துளை போடுங்கள். பறவையை வைத்த பிறகு துளை போட்டால் அந்தச் சத்தமே அதற்கு அதிர்ச்சி. அடியில் பழைய வேட்டித் துணியை விரியுங்கள். நூல் பிரிந்த துணியோ துண்டோ வேண்டாம், நகம் சிக்கும். இன்னொரு துணியை மேலே போட்டு, இறக்கை உடம்போடு ஒட்டியிருக்கும்படி மெதுவாக எடுத்து உள்ளே வைத்து மூடிவிடுங்கள். மின்விசிறி, டிவி எதுவும் இல்லாத அறையில் வையுங்கள். இருட்டு என்றால் பறவை அடங்கி உட்காரும், படபடப்புக் குறையும். ஒன்றிரண்டு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். நடுநடுவே மூடியைத் தூக்கிப் பார்க்க மகனுக்குக் கை அரிக்கும், விடாதீர்கள். அப்புறம் கொல்லையில் செடி நிழலில் டப்பாவைத் தரையில் வைத்துத் திறந்துவிட்டுப் பத்தடி தள்ளி நில்லுங்கள். பொழுது சாய்ந்துவிட்டால் இரவு டப்பாவிலேயே இருக்கட்டும், விடிந்ததும் திறக்கலாம்.

சோறும் பாலும் வேண்டாம். இது புழு, பூச்சி, மண்புழு தின்கிற பறவை. சோறு அதற்கு உணவே இல்லை, பால் எந்தப் பறவைக்கும் ஆகாது. வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றுவதுதான் நான் மிகவும் பயப்படுகிற வைத்தியம். அது மூச்சுக்குழலில் இறங்கினால், மோதலில் பிழைத்தது தண்ணீரில் போய்விடும். நனைந்திருந்தால் தலைமுடி காயவைக்கிற மெஷினும் வேண்டாம், டப்பாவின் கதகதப்பே காயவைக்கும்.

இறக்கை தொங்குகிறது, ரத்தம் வருகிறது, தலை ஒரு பக்கம் கோணிக்கொண்டே இருக்கிறது, இரண்டு மணி நேரம் கழித்தும் எழவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வனச்சரக அலுவலகத்துக்கும் சொல்லிவிடுங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பூனை கவ்விய பறவை என்றால் காயம் தெரியாவிட்டாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். பூனை எச்சிலில் உள்ள கிருமிக்கு மருந்து கொடுக்காவிட்டால் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும்.

வளர்க்கலாமா என்ற மகனுக்குச் சட்டமும் இல்லை என்கிறது. 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடித்து வைப்பது குற்றம். ஆனால் பையனிடம் சட்டத்தைச் சொல்லி மிரட்டுவானேன்? கொல்லையையே அதற்குப் பிடித்த மாதிரி வைத்துக்கொண்டால் கூண்டு தேவையே இல்லை. இடம் பிடித்துப்போனால் பங்குனி வரைகூட அங்கேயே சுற்றும். காலையிலும் சாயங்காலமும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுரத்தில் விசிலடிக்கும்.

அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது, கொஞ்சம் சோம்பேறித்தனம். இப்போது கொல்லை என்றால் சிமெண்ட் போட்டு, மிச்சமிருக்கும் மண்ணையும் தினம் கூட்டிப் பெருக்கி, சருகைக் கொளுத்திவிடுகிறார்கள். ஆறுமணிக்குருவிக்குச் சருகுதான் சாப்பாட்டு இலை. அலகால் ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் போட்டு அடியிலிருக்கும் வண்டையும் புழுவையும் எடுக்கும். மாமரத்தடியிலோ வாழைக் கட்டையோரமோ ஒரு மூலையைக் கூட்டாமல் விட்டுவிடுங்கள். பாம்பு வரும் என்று மாமியார் சொல்வார், நியாயமான பயம்தான். பாம்பு தேடி வருவது எலியையும் ஒளிய இடத்தையும். செங்கல் குவியல், விறகு அடுக்கு, தேங்காய் மட்டைக் குவியல், இவைதான் அதற்கு வீடு. அவற்றை அகற்றிவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் சருகை மெல்லிசாகப் பரத்திவிட்டால் பயமில்லை. கஜா புயல் அடித்த 2018 நவம்பருக்குப் பிறகு டெல்டாவில் எத்தனையோ தோப்புகளும் கொல்லை மரங்களும் இல்லாமல் போயின. இருக்கிற நிழலைக் காப்பாற்றுவது இரட்டை வேலை செய்யும்.

அந்த மூலைக்கு வேறு விருந்தாளிகளும் வருவார்கள். வேலிக்குள் உருவமே காட்டாமல் நாள் முழுக்க 'டக், டக்' என்று நாக்கைச் சொடுக்குகிற மாதிரிச் சத்தம் கேட்டால் அது வலசை வந்த கதிர்க்குருவி. மின்கம்பியில் தனியாக உட்கார்ந்து கறகறவென்று கத்துவது பழுப்புக் கீச்சான். உங்கள் ஊர்ப்பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்கள் இருப்பதால் இன்னொன்றையும் பார்க்கச் சொல்வேன்: கொடிக்கால் வாலாட்டி. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், இது மட்டும் பக்கவாட்டில் ஆட்டும். மார்பில் இரண்டு கறுப்புப் பட்டை. அகத்தி நிழலும் ஈரமண்ணும்தான் அதற்குப் பிடித்தம்.

தீனி வைத்தே ஆக வேண்டும் என்று ஆசை இருந்தால் சிட்டுக்குருவிக்கும் சில்லைக்கும் வையுங்கள். குறுவை அறுவடை நெற்கதிரைக் கொத்தாகக் கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிடுவது நம் வீடுகளில் இருந்த பழக்கம்தான். கம்பு, தினை வைப்பதானால் சாரல் படாத இடத்தில், அன்றன்றைக்குத் தீருகிற அளவு. நனைந்த தானியம் பூசணம் பிடித்தால் பறவைக்கு நோய். தீபாவளி மிக்சரையும் முறுக்கையும் தட்டில் கொட்டாதீர்கள், அத்தனையும் உப்பு. பறவைக்கு வைக்கிற தண்ணீர்த் தொட்டியைத் தினமும் கவிழ்த்துத் தேய்க்க வேண்டும். இல்லையென்றால் டெங்கு கொசு பார்க்க வருகிற சுகாதார ஊழியரிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

மோதலைத் தடுக்க இரண்டு காரியம். புரட்டாசிக் கடைசியிலிருந்து கார்த்திகை வரை, தூங்கப் போகுமுன் மாடி விளக்கையும் கொல்லை விளக்கையும் அணைத்துவிடுங்கள். கண்ணாடி ஜன்னலில் மரம் பிரதிபலித்தால் வெளிப்பக்கம் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடாகச் சோப்பால் இழுத்துவிடுங்கள். ஒற்றைப் பருந்துப் படத்தை ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று இருப்பதில் பயனில்லை, படத்தைத் தவிர்த்துவிட்டு மற்ற இடத்தில் மோதும்.

அடுத்து மடையான். புரட்டாசி முழுக்க ஈ ஓட்டிய கறிக்கடையில், மாதம் முடிந்த முதல் ஞாயிறு எப்படிக் கூட்டம் அம்முகிறது என்று உங்களுக்கே தெரியும். அதே வாரங்களில்தான் குறுவை அறுத்த வயலில் அடுத்த போகமான தாளடிக்குத் தண்ணீர் பாய்ச்சி உழுகிறார்கள். டிராக்டருக்குப் பின்னால் கொக்கும் மடையானும் வரிசை கட்டி நிற்கும். தேவையும் சரக்கும் ஒரே நேரத்தில் கூடிவிடுகின்றன, சாலையோரத்தில் விற்பனை தொடங்கிவிடுகிறது.

வாங்கிப் பறக்க விடுவதில் மனசு நல்லதுதான், ஆனால் வேண்டாம். விற்பவருக்கு நீங்கள் சமைக்க வாங்கினீர்களா, பறக்கவிட வாங்கினீர்களா என்பது கணக்கே இல்லை. காசு வந்தது, அடுத்த ஞாயிறு கூடுதல் கண்ணி வைப்பார். நாளெல்லாம் காலைக் கட்டித் தொங்கவிட்ட பறவை அவிழ்த்ததும் நேராக நிற்கவே சிரமப்படும், வரப்பில் போய் விழுந்தால் நாய்க்குத்தான். தவிர, சட்டப்படி விற்பதைப்போல வாங்குவதும் குற்றம், நோக்கம் எதுவானாலும். கடையில் விற்கும் பண்ணைக் காடை வேறு, அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சாப்பிட வாங்குகிறவர்களிடம் நீங்கள் சொல்ல ஒரு விஷயம் உண்டு: அதை எப்படிப் பிடித்தார்கள் என்று வாங்குபவருக்குத் தெரியாது. வலையா, தூண்டிலா, குருணைப் பூச்சிமருந்தா? மருந்தடித்த வயலில் பூச்சி தின்ற பறவையை வீட்டுக் குழம்பில் போடுகிறோமா என்று யோசிக்கச் சொல்லுங்கள். பாவ புண்ணியம் பேசுவதைவிட இது காதில் ஏறும். விவசாயி வீடாக இருந்தால் நண்டுக் கணக்கைச் சொல்லலாம். வரப்பில் வளை போட்டுத் தண்ணீரை ஒழுகவிடுகிற வயல் நண்டை மடையானும், நத்தையை நத்தைகுத்தி நாரையும் தின்று தீர்க்கின்றன, கூலி கேட்பதில்லை.

விற்பவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், தனியாகப் படமெடுக்கவும் முயல வேண்டாம். எந்தச் சாலை, எந்த மைல்கல் அல்லது கடைக்கு எதிரில், காலை எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, என்ன பறவை, ஏறக்குறைய எத்தனை என்று குறித்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அந்த எண்ணை இப்போதே கைபேசியில் பதிந்துவைத்தால் குருவி விழுந்தாலும் அதே எண் உதவும். இது ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் என்பதால் சனிக்கிழமை மாலையே சொல்லி வைப்பது நல்லது.