தண்டுவடக் காயத்துக்குப் பிறகு விளையாட்டு: வடசென்னை வாசகர் கேள்விகள்

தண்டுவடக் காயம் பட்டவர்களுக்கான உடற்பயிற்சி பற்றி எழுதியதற்கு வந்த கேள்விகளில் பல, உடம்பைவிட மனசைப் பற்றியவை. சிலவற்றுக்கு இங்கே பதில்.

எனக்கு 26 வயது. சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே செயல் இல்லை, டி10 (நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் பத்தாவது) என்கிறார்கள். முன்பு ஃபுட்பால் ஆடுவேன். ஞாயிற்றுக்கிழமை பசங்க கிரவுண்டுக்குத் தூக்கிப் போய், 'நீதான் ரெஃப்ரி' என்று ஓரமாக உட்கார வைக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் இரண்டு நாள் யாரிடமும் பேசப் பிடிப்பதில்லை. போகலாமா, வேண்டாமா? (வியாசர்பாடி)

இப்போதைக்குப் போகாதீர்கள் தம்பி. நண்பர்களை விட வேண்டாம், கிரவுண்டை மட்டும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். உங்களுக்கு விசில் கொடுத்தது பாசத்தில்தான். ஆனால் அந்த ஆட்டத்தில் நீங்கள் ஜெயிக்கவும் முடியாது, தோற்கவும் முடியாது. அதுதான் உறுத்துகிறது.

காயத்துக்குப் பிறகு வீட்டில் நாள் முழுக்க ஒரே பேச்சு: மாத்திரை போட்டாயா, யூரின் போச்சா, திரும்பிப் படுத்தாயா? எதிரே ஆட உட்காருபவன் இதையெல்லாம் கேட்க மாட்டான். உங்களைத் தோற்கடிக்கத்தான் பார்ப்பான். அந்த ஒரு மணி நேரம் நீங்கள் நோயாளி இல்லை. விளையாட்டு மனசுக்குச் செய்கிற நன்மையில் பெரும்பங்கு இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதனால் கைக்கு எது பலம் தரும் என்று பார்த்து விளையாட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நீங்கள் வராவிட்டால் 'எங்கடா அவன்?' என்று கேட்கிற கூட்டம் எங்கே இருக்கிறதோ, அங்கே போங்கள்.

உங்கள் பக்கம் என்றால் நான் கேரம்தான் சொல்வேன். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண். நாற்காலியை விட்டு எழாமல் ஆடுவது கேரமில் எல்லாருக்கும் பொதுவான விதி. உங்களுக்காக ஒரு சலுகையும் தேவையில்லை. கால் வைக்கும் தட்டு ஸ்டாண்டில் இடிக்கும், அதைக் கழற்றிவிடுங்கள். இரண்டு பிரேக்கும் போட்ட பிறகே ஸ்ட்ரைக்கரைத் தொடுங்கள். எட்டி அடிக்கும்போது வயிற்றுத் தசை முழுசாகப் பிடிக்காமல் முன்னால் சாய்வீர்கள். ஆடாத கையால் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தோளில் வலு வந்ததும் சக்கர நாற்காலிக் கூடைப்பந்தைப் பாருங்கள். அதன் தேசிய சம்மேளனம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டதுதான். கூடை அதே பத்தடி உயரம். பாதிப்பைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் 1 முதல் 4.5 வரை புள்ளி உண்டு. களத்தில் இருக்கும் ஐந்து பேரின் கூட்டல் 14ஐத் தாண்டக் கூடாது. அதனால் பாதிப்பு அதிகமுள்ள, புள்ளி குறைந்த ஆட்டக்காரர் இல்லாமல் அணியே அமையாது. பரிதாபப்பட்டு யாரும் அவரைச் சேர்ப்பதில்லை, தேவை இருப்பதால் சேர்க்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் போட்டில் விழுந்து கழுத்தில் அடிபட்டவர், சி6 (கழுத்தெலும்பில் ஆறாவது). விரல் மடங்காது. சாயங்காலம் கூட்டாளிகள் வெளியே கூட்டிப் போனால் மண்டை இடிக்கிறது, முகமெல்லாம் வியர்க்கிறது என்று திரும்பிவிடுகிறார். வெளியே போவதே அவருக்கு ஆகாதா? (காசிமேடு)

அம்மா, இந்தக் கேள்வியை முதலில் வைத்திருக்க வேண்டும். டி6 அல்லது அதற்கு மேலே (கழுத்தும் அதில் சேரும்) அடிபட்டவர்களுக்கு இப்படித் தலை இடித்து, முகம் வியர்த்து, சிவந்தால் அது ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்சியாவாக இருக்கலாம். உணர்ச்சியில்லாத பகுதியில் ஏதோ ஒன்று உறுத்த, ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறுகிறது. கவனிக்காவிட்டால் பக்கவாதம்வரை போகும். காரணம் பெரும்பாலும் நிரம்பிய சிறுநீர்ப்பைதான். நாற்காலியில் உட்காரும்போது தொடைக்கு அடியில் சிறுநீர் டியூப் மடங்கியிருக்கும். மலச்சிக்கல், இறுக்கமான பெல்ட், உள்ளே வளர்ந்த கால் நகம்கூடக் காரணமாகலாம்.

படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, பெல்ட்டைத் தளர்த்தி, டியூப்பை நேராக்குங்கள். உடனே அடங்காவிட்டால் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடியுங்கள். இன்னொன்று, கழுத்துக் காயம் பட்டவர்களுக்கு வழக்கமான ரத்த அழுத்தத்தின் மேல் அளவே 90, 100 என்றுதான் இருக்கும். 130 என்று கருவி காட்டினால் பார்ப்பவர் 'நார்மல்' என்று அனுப்பிவிடலாம், அவருக்கோ அது அதிகம். வழக்கமான அளவை ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப்பையில் வையுங்கள். கூட்டாளிகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

கிளம்பும் முன் சிறுநீர்ப் பையைக் காலி செய்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு போகட்டும். கழுத்துக் காயத்தில், காயத்துக்குக் கீழே உடம்பு வியர்த்துத் தன்னைத் தணித்துக்கொள்ளாது, ஈரத்துண்டு கையோடு இருக்கட்டும். டேபிள் டென்னிஸ் மட்டையைக் கிரேப் பேண்டேஜால் உள்ளங்கையோடு கட்டி ஆடலாம். வெள்ளைப் பந்துக்கு அருகில் மற்ற பந்துகளைச் சேர்க்கிற போச்சியா, கையில் பிடி இல்லாதவர்களும் ஆடக்கூடியது. சீட்டுதான் வேண்டும் என்பாரானால், ஒரு மரச்சட்டத்தில் நீளமாகப் பள்ளம் வெட்டி அதில் சீட்டைச் செருகி வைக்கலாம். பணம் வைக்காத வரை எனக்கு ஆட்சேபணை இல்லை.

தொடர்ந்து விளையாடினால் எழுந்து நடந்துவிடுவேனா? (திருவொற்றியூர்)

விளையாட்டு அறுந்த தண்டுவடத்தை ஒட்டவைக்காது. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். கை வலு, மூச்சு, தூக்கம், மனசு இவற்றுக்காக ஆடுங்கள்.

மகளுக்கு 19 வயது. வெளியே அனுப்பினால் படுக்கைப் புண் வந்துவிடுமோ என்று பயம். (தண்டையார்பேட்டை)

புண் வருவது ஒரே இடத்தில் அழுத்தம் விழுவதால். வீட்டில் அசையாமல் டிவி பார்த்தாலும் வரும். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்பக்கமாக நன்றாகக் குனிந்து, ஒன்றிரண்டு நிமிடம் இருக்கச் சொல்லுங்கள். கேரமில் ஒரு போர்டு முடிந்து காயின் அடுக்கும் நேரம் அதற்குச் சரியாக இருக்கும். நல்ல குஷன் வாங்குங்கள், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். ராத்திரி கண்ணாடி வைத்துப் பிட்டத்தையும் வால் எலும்பையும் பாருங்கள். சிவப்பு மறையாமல் இருந்தால், மறையும் வரை உட்காரக் கூடாது.

உங்கள் பயம் புண் மட்டும்தானா, தெரியவில்லை. தண்டுவடத்தில் கட்டி வந்து நெஞ்சுக்குக் கீழ் செயலிழந்த தீபா மாலிக் 2016 பாராலிம்பிக்ஸில் குண்டு எறிந்து வெள்ளி வென்றபோது அவர் இரண்டு பெண்களின் தாய். மெட்ரோவில் லிஃப்ட் இருக்கிறது, நாற்காலிக்கு இடமும் இருக்கிறது. முதல் சில தடவை கூடப் போங்கள். ஆனால் ஆடும் இடத்தில் பக்கத்தில் உட்காராதீர்கள். போகும் இடத்தில் நாற்காலி நுழைகிற கழிவறை உண்டா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். பலர் பாதியில் நின்றுபோவது அதனால்தான்.

விளையாட ஆரம்பித்ததும் மனசு தெளிவாக இருக்கிறது. மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிடலாமா? (பெரம்பூர்)

நீங்களாக நிறுத்தாதீர்கள். தண்டுவடக் காயம் பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறது, அது மன உறுதி இல்லாததால் வருவதில்லை. தெளிவு வந்திருப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள், எப்போது, எப்படிக் குறைப்பது என்று அவர் முடிவு செய்யட்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் 14416க்கு எந்த நேரமும் பேசலாம். இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

எவ்வளவு நேரம் ஆட வேண்டும்? ஸ்போர்ட்ஸ் வீல்சேர் வாங்க வேண்டுமா? (எண்ணூர்)

மூச்சு வாங்குகிற அளவு பயிற்சி வாரம் இரண்டு முறை, தலா 20 நிமிடமாவது. கூடவே வாரம் இரண்டு நாள் கைக்கு எடைப் பயிற்சி. இது பெரியவர்களுக்கான சர்வதேசப் பரிந்துரை. கேரம் இந்தக் கணக்கில் வராது, அது மனசுக்கு. மூச்சு வாங்கும் பயிற்சிக்கு ராட்டை போலக் கையால் சுற்றும் கருவியோ, தெருவில் நாற்காலியை வேகமாகத் தள்ளுவதோ போதும். சக்கரம் சாய்ந்த ஸ்போர்ட்ஸ் நாற்காலியை இப்போதே வாங்காதீர்கள். ஆறு மாதம் போகட்டும், அணியில் இருக்கும் நாற்காலியில் ஏறிப் பாருங்கள், அப்புறம் உங்கள் இடுப்பை அளந்து செய்யச் சொல்லுங்கள்.