ஜீவனாம்சம் தராமல் இழுத்தடிக்கிறாரா?

கேள்வி: மாதம் 12,000 ரூபாய் ஜீவனாம்சம் தரும்படி குடும்ப நல நீதிமன்றம் உத்தரவிட்டும், முன்னாள் கணவர் 14 மாதங்களாக எதுவும் தரவில்லை. ஒரு மாதம் ஜெயிலில் இருந்தால் பாக்கி கழிந்துவிடும் என்கிறார். உண்மையா?

பதில்: உண்மையில்லை. சிறை என்பது பணத்தைக் கட்டவைக்கும் வழிதான். சிறை சென்றாலும் பாக்கி அப்படியே நிற்கும் என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்கள் உத்தரவு எந்தச் சட்டப்படி வந்தது என்று முதலில் பாருங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125 அல்லது அதற்குப் பதிலாக வந்த இப்போதைய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 144-ஆவது பிரிவு என்றால் நேரம் மிக முக்கியம். தொகை தர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டால்தான் அதற்கு வாரன்ட் கிடைக்கும். உங்களுக்கு முதல் இரண்டு மாதப் பாக்கி ஏற்கெனவே இந்த வழியில் கைநழுவியிருக்கும். சமாதானப் பேச்சை நம்பி இன்னும் காத்திருக்காதீர்கள். இந்து திருமணச் சட்டப்படி வந்த உத்தரவு என்றால், சிவில் முறையில் நிறைவேற்று மனு போட வேண்டும்.

மனுவுடன் உத்தரவின் சான்று நகல், மாதவாரியான பாக்கிப் பட்டியல், அந்தக் காலம் முழுவதற்குமான வங்கி ஸ்டேட்மென்ட் வையுங்கள். இடையில் ரொக்கமாக ஏதாவது வாங்கியிருந்தால் கழித்துக் காட்டுங்கள். மறைத்தால் மொத்தக் கணக்கின் மீதும் சந்தேகம் வரும். பல மனுக்கள் முடங்குவது முகவரியில்தான். நோட்டீஸ் திரும்பினால் வாய்தா மேல் வாய்தா. அதனால் அவர் வேலை செய்யும் நிறுவனம், வங்கிக் கணக்கு, வண்டி எண், நில விவரம் என்று தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள். சிவில் ஜப்தியில், ஜீவனாம்சத்துக்காகச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை பிடிக்கலாம்.

வக்கீல் கட்டணம் தடையாக வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு; உதவி எண்: 15100.

கேள்வி: மாதம் இரண்டு ஞாயிறு மகளைப் பார்க்க எனக்கு உத்தரவு இருக்கிறது. முன்னாள் மனைவி காட்டுவதில்லை. பணத்தை நிறுத்தலாமா?

பதில்: கூடாது. நிறுத்தினால் உத்தரவை மீறியவர் நீங்களாகிவிடுவீர்கள். சாப்பாட்டுக்கும் பள்ளிக்கும் தவிப்பது மகள்தான். ஒவ்வொரு முறையும் குறித்த நேரத்தில் குறித்த இடத்துக்குப் போய், வந்திருப்பதாகச் செய்தி அனுப்புங்கள். அந்தச் செய்திகள் உள்ள போனை மாற்றிவிடாதீர்கள். அவற்றைச் சாட்சியமாகத் தர 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் தேவை. பிறகு அதே நீதிமன்றத்தில், தவறிய நாட்களுக்கு ஈடான நாட்களும், சந்திப்பை நீதிமன்ற வளாகத்துக்கு மாற்றவும் கேளுங்கள். பள்ளி வாசலிலிருந்து மகளை நீங்களாக அழைத்துச் செல்ல வேண்டாம். உங்கள் வழக்கை அதுவே கெடுக்கும்.