பதினோராம் வசனத்துக்கு முன்னால்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் நாற்பது நிமிஷம் போகிறது. வாலிபர்கள் பாதியிலேயே எழுந்து வெளியே போய் நிற்கிறார்கள். பதினைந்து நிமிஷமாகக் குறைக்கச் சொல்லி கமிட்டியில் கேட்கலாமா? பாட்டுச் சத்தமும் அதிகம், திரையில் போடும் வசனத்தில் எழுத்துப்பிழை வேறு. எங்களுக்கு வேத ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். வாரம் முழுக்க அலைந்துவிட்டு வருகிறவர்களுக்கு ஆறுதலாக ஒரு வாக்குத்தத்த வசனம் கிடைத்தால் போதும்.

பெயர் வேண்டாம்,
பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

சத்தம், எழுத்துப்பிழை எல்லாம் மைக் செட்காரரிடம் சொன்னால் தீர்ந்துவிடும். உங்கள் கடைசி வரிதான் என்னை விடவில்லை. கொஞ்ச நாளாகவே வேதாகமத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் புஸ்தகம் 29-ஆம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு வசனம் போதும் என்றுதான் இருந்தோம். அப்பாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த வருஷம், டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வசனமாக எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் அம்மாவுக்கு எரேமியா 29:11 வந்தது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இந்த வருஷத்துக்குள் நிறைவேறும் என்று பிரசங்கியார் அடித்துச் சொன்னார். அம்மா அந்த அட்டையை அப்பாவின் தலையணைக்கு அடியில் வைத்தார்கள். மார்ச்சில் அப்பா போய்விட்டார்கள். "என் விசுவாசம் பத்தலையே" என்று அம்மா மாதக்கணக்கில் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் ஒருநாள், ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இறையியல் பட்டமெல்லாம் கிடையாது. அட்டையைப் பார்த்துவிட்டு, "பதினொண்ணு இருக்கட்டும்மா, ஒண்ணாம் வசனத்துலேருந்து வாசிங்க" என்றார். அம்மா வாசிக்க வாசிக்க அவர் விளக்கிக்கொண்டே போனார். அது நேபுகாத்நேச்சார் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டுபோன ஜனங்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், இருக்கிற ஊரின் நன்மைக்காக ஜெபியுங்கள் என்கிறது. பத்தாம் வசனத்தில் எழுபது வருஷம் என்று வருகிறது. கடிதத்தை வாங்கிப் படித்த பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பப் போவதில்லை. அவர்களிடம்தான் கர்த்தர் சமாதானத்தின் நினைவுகளைப் பற்றிப் பேசுகிறார்.

அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அவரு கைவிடலை" என்றார்கள்.

தம்பி, முந்தின அதிகாரத்தையும் வாசியுங்கள். அங்கே அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறான். சிறைப்பட்டுப் போனவர்களெல்லாம் இரண்டே வருஷத்தில் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் சொல்லி, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். ஜனங்களுக்கு அது எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை. இன்று நம் பீடங்களில் எரேமியாவின் வசனத்தை எடுத்துக்கொண்டு அனனியாவின் பிரசங்கத்தைச் செய்கிறார்கள். நீங்களும் அதைத்தான் கேட்டு வாங்குகிறீர்கள். உங்கள்மேல் எனக்குக் கோபம் அதனால்தான். 1715-ல் தரங்கம்பாடியில் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது. முந்நூறு வருஷத்துக்கு மேலாகத் தமிழில் வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளங்கை அகல அட்டை போதும் என்கிறீர்களே! வசனத்துக்கு அர்த்தம் சொல்வதை ஆராய்ச்சி என்று தள்ளாதீர்கள். அந்த உபதேசியார் வந்து அர்த்தம் சொல்லியிராவிட்டால் எங்கள் அம்மா குற்ற உணர்விலேயே செத்திருப்பார்கள்.

சரி, நிமிஷக் கணக்கைக் கேட்டீர்கள். அதைக் கமிட்டிக்குக் கொண்டுபோக வேண்டாம். உங்கள் சபைப் போதகர் ஐயரைத் தனியாகப் பாருங்கள். வேதாகமத்தில் ஒரு புஸ்தகத்தை எடுத்து, வாரம் ஓர் அதிகாரமாக முதலிலிருந்து கடைசிவரை விளக்கச் சொல்லுங்கள். ரூத்தில் தொடங்கலாம், நாலே அதிகாரம், ஒரு மாதத்தில் முடிந்துவிடும். வெளியே நிற்கிற வாலிபர்களிடம் இப்போதே சொல்லிவையுங்கள், முதல் வாரத்துக்கு வேதாகமத்தோடு வரட்டும்.

அன்புடன்,
அண்ணாச்சி