பழைய ரயில் பெட்டியை ஏன் லாரியில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள்? தண்டவாளத்திலேயே இழுத்துப் போக முடியாதா? லாரியில் எப்படித்தான் ஏற்றுகிறார்கள்?

பிரிட்டனில் ஒரு பாரம்பரிய ரயில்பாதைக்கு (பழைய ரயில்களைப் பராமரித்து ஓட்டும் பாதை) லாரியில் பெட்டி போவதைக் காணொளியில் பார்த்துவிட்டு இதைக் கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கிலாந்தின் தென்பகுதியில் வசிக்கிறேன். அப்படிப்பட்ட ஒரு சிறிய பாதையின் பெட்டிப் பட்டறையில் வார இறுதிகளில் தன்னார்வலராக வேலை செய்கிறேன். பெட்டிகள் வந்து இறங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் 'ஏன்' என்பதற்கு வருவோம். பல இடங்களில் தண்டவாளம் போய்ச் சேர்வதே இல்லை. இங்குள்ள பாரம்பரியப் பாதைகள் பெரும்பாலும் அரசு மூடிவிட்ட கிளைப் பாதைகளின் மிச்சத் துண்டுகள். சசெக்ஸில் இருக்கும் புளூபெல் ரயில்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-ல் தன்னார்வலர்கள் அதை ஓட்டத் தொடங்கியபோது ஹார்ஸ்டட் கீன்ஸ் நிலையத்தில் பிரதான ரயில்வேயோடு தொடர்பு இருந்தது. 1963-ல் அந்த இணைப்புப் பாதையும் மூடப்பட்டது. அப்புறம் வடக்கே ஈஸ்ட் கிரின்ஸ்டெட் வரை போக, இடையில் ஒரு பள்ளம் முழுக்கக் கொட்டிக் கிடந்த ஊர்க் குப்பையைத் தோண்டி அகற்ற வேண்டியிருந்தது. 2013-ல்தான் ரயில் அங்கே போய்ச் சேர்ந்தது. நடுவில் அரை நூற்றாண்டு காலம் அங்கே வந்த எஞ்சின், பெட்டி எல்லாமே சாலை வழியாகத்தான்.

சரி, தண்டவாளத் தொடர்பு இருந்தால்? அப்போதும் சிக்கல்தான். இருபது வருடம் ஓரமாக நின்ற பெட்டியைச் சும்மா இழுத்துப் போவதென்றாலும் சக்கரம், அச்சு, பேரிங், பிரேக் எல்லாவற்றையும் சோதித்துச் சான்று வாங்கினால்தான் பிரதான பாதையில் விடுவார்கள். மீட்டெடுக்கவே இனிமேல்தான் போகும் பெட்டிக்கு அந்தச் சான்று எங்கே கிடைக்கும்? லாரிதான் வழி.

பார்ப்பவர்கள் எல்லோரும் எடையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். உண்மையில் எடை பெரிய விஷயமே இல்லை. இங்கே அதிகம் பயணப்படுவது 1950-களில் கட்டத் தொடங்கிய 'மார்க் 1' வகைப் பெட்டி. அதன் எடை சுமார் 33 டன். இதைவிடப் பல மடங்கு கனமான மின்மாற்றிகள் சாலையில் போகின்றன. அகலம் 2.82 மீட்டர், சட்டம் கேள்வி கேட்கத் தொடங்குவது 2.9 மீட்டரில் என்பதால் அதிலும் தப்பித்துவிடும். நீளத்தில்தான் மாட்டும். உடல் நீளம் மட்டும் 19.66 மீட்டர். 18.65 மீட்டரைத் தாண்டினால் இரண்டு முழு வேலை நாட்களுக்கு முன்பே போலீசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும், ஓட்டுநரோடு ஓர் உதவியாளும் வர வேண்டும். லாரியும் பெட்டியும் சேர்ந்து 44 டன்னைத் தாண்டிவிடுவதால் சாலைக்கும் பாலங்களுக்கும் பொறுப்பானவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் காகித வேலை. உண்மையான எதிரி உயரம். மார்க் 1 பெட்டி தண்டவாள மட்டத்திலிருந்து சுமார் 3.9 மீட்டர். ட்ரெய்லரின் தளமும் அதன்மேல் பதித்த தண்டவாளமும் சேர்த்து ஒரு மீட்டரை நெருங்கும். இங்கே 5.03 மீட்டருக்குக் குறைவான பாலங்களில்தான் உயரப் பலகை வைப்பார்கள். பலகை இல்லாத பாலத்தின் கீழ்கூட ஒரு சாண் இடைவெளி மிஞ்சுமா என்று பார்த்துப் பார்த்துத்தான் போக வேண்டும். கூரைமேல் காற்றோட்டத்துக்காக இருக்கும் குமிழ் மூடிகளைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவதும் உண்டு. இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. பாலத்தின் கீழ் சாலை பள்ளமாக இறங்கி ஏறினால், ட்ரெய்லரின் முன்சக்கரம் ஒரு மேட்டிலும் பின்சக்கரம் மறு மேட்டிலும் இருக்கும்போது பெட்டியின் நடுப்பகுதி பாலத்துக்கு நேர் கீழே உயர்ந்து நிற்கும். பலகையில் போட்ட உயரத்தை நம்பிப் போனால் கூரை போய்விடும். அதனால்தான் நல்ல ஓட்டுநர் முந்தைய வாரமே காரில் வந்து வழி முழுக்கப் பார்த்துவிட்டுப் போவார். உயரம் ஒத்தே வராவிட்டால் பெட்டியை அதன் சக்கர ட்ராலிகளிலிருந்து தூக்கி, உடலை ஒரு லாரியிலும் ட்ராலிகளை இன்னொன்றிலும் அனுப்புவார்கள். செலவு கூடும். ஆனாலும் அதற்குத் தயங்கக் கூடாது என்பது என் கருத்து.

ஏற்றுவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். ட்ரெய்லர் தளத்தில் தண்டவாளம் இருக்கும் என்றேன் அல்லவா? அதன் பின்முனையில் சரிவுத் தண்டவாளம் ஒன்றைப் பொருத்தி, தரையில் இருக்கும் தண்டவாளத்தோடு சேர்ப்பார்கள். பிறகு முன்னாலிருந்து வின்ச் கம்பிவடம் இழுக்கும். இழுப்பதற்கு முன் பெட்டியின் பிரேக்கை விடுவிக்க வேண்டும். சமீபம்வரை ஓடிய பெட்டி என்றால் அடிச்சட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கம்பி இருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் 'உஸ்ஸ்' என்று வேக்குவம் (வெற்றிட) பிரேக் சிலிண்டருக்குள் காற்று புகும், பிரேக் கட்டைகள் சக்கரத்தை விட்டு நகரும். நெடுங்காலம் நின்ற பெட்டியில் கட்டை துருவோடு சக்கரத்தில் ஒட்டியிருக்கும், அங்கே சுத்தியல்தான். பிரேக் விட்டபின் 33 டன்னையும் சரிவில் பிடித்திருப்பது அந்த ஒரே வடம். வடத்தின் நேர்க்கோட்டில் யாரையும் நிற்க விடமாட்டார்கள். அந்த நேரத்தில் பட்டறையில் பேச்சுச் சத்தமே கேட்காது. எல்லோருடைய கண்ணும் பெட்டியின் அடியில்தான் இருக்கும். பேட்டரிப் பெட்டிகள், பிரேக் சிலிண்டர் எல்லாம் அங்கே தொங்குகின்றன. சரிவு முடிந்து தளம் தொடங்கும் முனையில் அவை இடித்துவிடலாம். ஒருவர் குப்புறப் படுத்து, டார்ச் அடித்து, இடைவெளியைப் பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்.

மேலே ஏறியதும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ட்ராலிகளைச் சங்கிலியால் ட்ரெய்லரோடு இறுக்குவார்கள். பெட்டி ஸ்பிரிங்குகளின் மேல் உட்கார்ந்திருப்பதை மறந்துவிடக் கூடாது. வளைவில் அது தன் போக்கில் ஆடும், உச்சி சாயும். கதவுகளை வெளியிலிருந்து கட்டிவிடுவது அவசியம். பழைய கதவின் பூட்டுநாக்கு தேய்ந்திருந்தால் சாலைக் காற்றிலும் குலுக்கலிலும் திறந்துகொள்ளும்.

மார்க் 1 இரும்புப் பெட்டி, எதையும் தாங்கும். விக்டோரியா காலத்து மரப்பெட்டி கதையே வேறு. அவற்றில் பல, சேவை முடிந்ததும் சக்கரமும் அடிச்சட்டமும் இல்லாமல் வெறும் உடலாக விற்கப்பட்டவை. வாங்கியவர்கள் அவற்றை வீடாக்கிக்கொண்டார்கள், கோழிக் கொட்டகை ஆக்கினார்கள். டெவனில் லிண்டன்–பார்ன்ஸ்டபிள் என்ற குறுகிய அகல ரயில்பாதை 1935-ல் மூடப்பட்டபோது அதன் பெட்டிகளில் சிலவும் இப்படித்தான் தோட்டங்களுக்குப் போயின. அந்தப் பாதையின் பெட்டி ஒன்றை வேல்ஸின் பெஸ்டினியோக் ரயில்பாதைக்காரர்கள் 1959-ல் மீட்டு மறுபடி ஓட்டினார்கள். இன்னும் இரண்டு பெட்டிகள் புதுப்பிக்கப்பட்டு 2013-ல் தங்கள் சொந்தப் பாதையிலேயே, வூடி பே நிலையத்தில், ஓடத் தொடங்கின.

இப்படி ஓர் உடலை எடுக்கும்போது ஒரு மூலையை மட்டும் தூக்கினால் போதும், கயிற்றுக் கட்டிலின் ஒரு காலைத் தூக்கியதைப் போல மொத்தமும் முறுக்கிக்கொள்ளும். நூறு வருடத் தேக்குச் சட்டத்தின் மூட்டுகள் அத்தோடு விலகிவிடும். அதனால் கதவு வாசல்களுக்குள் குறுக்காக மரச்சட்டங்களை அடித்து இறுக்கி, உடலுக்கு அடியில் இரும்பு உத்திரங்களைச் செருகி, கிரேன் பட்டைகளை அந்த உத்திரங்களில் மாட்டித்தான் தூக்க வேண்டும். மேலே பட்டைகள் உள்பக்கமாக இழுத்து இறவாணத்தை நொறுக்காமல் இருக்க, அகலமான ஒரு குறுக்குத் தண்டு வேண்டும். இவ்வளவு செய்தும், பட்டை இறுகும் கணத்தில் மரம் 'கிறீச்' என்று சொல்வதைக் கேட்டால் வயிறு கலங்கும். ஒருமுறை வந்த குழுவினர் குறுக்குச் சட்டம் தேவையில்லை என்றார்கள். எங்கள் தச்சர் விடாப்பிடியாக நின்று, சட்டம் அடித்த பிறகுதான் தூக்க விட்டார். அவர் செய்தது நூறு சதவீதம் சரி.

நம்மூரில் இதற்கு நேர் உதாரணம் நீலகிரி மலை ரயில். மேட்டுப்பாளையத்தில் ஒரு பக்கம் அகலப் பாதை, மறுபக்கம் மீட்டர்கேஜ். மலைப்பாதை வேறெந்த மீட்டர்கேஜோடும் சேராத தனித்தீவு. அதனால்தான் திருச்சி பொன்மலைப் பணிமனையில் செய்த நீராவி எஞ்சின்கள் ட்ரெய்லரில் ஏறி வருகின்றன.

கடைசியாக ஒன்று. பயணத்தில் மிகக் கடினமானது நெடுஞ்சாலை இல்லை, இறுதி ஒன்றிரண்டு மைல்தான். பாரம்பரியப் பாதைகள் கிராமங்களுக்குள் இருக்கின்றன. இருபுறமும் வேலி அடைத்த, ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய குறுகிய சாலைகள். ட்ரெய்லரின் பின்சக்கரங்களைத் தனியாகத் திருப்ப முடியும். ஓர் ஆள் பின்னால் நடந்து வந்தபடி கையிலிருக்கும் ரிமோட்டில் அதைச் செய்வார். தொலைபேசிக் கம்பிகளை நீளக் கழியால் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும், மரக்கிளைகளை முன்பே வெட்டியிருக்க வேண்டும், தெருவில் நிற்கும் கார்களுக்கு வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். எங்களைப் போன்ற தன்னார்வலர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த வேலைகள்தான். நீங்கள் இங்கே வரும்போது ஏதாவது ஒரு பாதையில் பெட்டி வருகிறது என்று அறிவித்திருந்தால், வாசலில் போய்க் கேட்டுப் பாருங்கள். பாதுகாப்பான இடத்தில் நிற்க வைத்து, சந்தோஷமாக விளக்கிச் சொல்வார்கள்.