பாதியில் நிற்கும் ஓவியங்களை நாள்தோறும் தொடர்வது எப்படி?

வாசகர் கேள்வி: எண்ணெய் வண்ணத்தில் ஓவியம் வரைகிறேன். வேலைக்குச் செல்வதால் காலையில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. ஐந்து கித்தான்கள் (ஓவியத் துணிகள்) பாதியில் நிற்கின்றன. எதை எடுத்தாலும், விட்ட இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது. முன்பு கலந்த நிறம் மறுபடி பொருந்துவதில்லை. சில பகுதிகள் நன்றாக அமைந்துவிட்டதால் மேற்கொண்டு தொடவே அச்சமாக இருக்கிறது. இவற்றை எப்படித் தொடர்வது? ஓர் ஓவியம் முடிந்துவிட்டது என்று எப்போது முடிவு செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் நேரக் குறைவைக் காட்டிலும் என் கவனத்தை ஈர்த்தது நீங்கள் வேலையை நிறுத்தும் விதம்தான். கடிகாரம் சொல்லும் வரை வரைந்துவிட்டுத் தூரிகையைக் கீழே வைத்தால், அந்த நொடியில் மனத்தில் இருந்த தீர்மானங்கள் அனைத்தும் அன்றைய நாளின் அலுவல்களில் கரைந்துவிடும். மறுநாள் அவற்றை ஓவியத்தின் பரப்பிலிருந்தே மீட்டெடுக்க வேண்டியிருக்கும். ஆகவே, ஒரு மணி நேரத்தில் கடைசிப் பத்து நிமிடங்களை வரைவதற்குப் பயன்படுத்த வேண்டாம். தள்ளி நின்று பார்த்து, அடுத்த அமர்வில் முதலில் செய்ய வேண்டிய ஒரே ஒரு செயலைத் தாளில் எழுதிக் கித்தானின் பின்புறத்தில் செருகி வையுங்கள். ‘முகத்தைச் சரிசெய்ய வேண்டும்’ என்று எழுதினால் பயனில்லை. ‘இடது கன்னத்தின் நிழல் கழுத்து நிழலைவிட வெளிறியிருக்கிறது, ஒரு படி இருட்டாக்க வேண்டும்’ என்று எழுதினால், மறுநாள் உட்கார்ந்தவுடன் கை வேலையைத் தொடங்கிவிடும். அந்தச் சிறு செயல் முடிவதற்குள் ஓவியத்தின் மற்ற தேவைகள் தாமாகவே கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். அடுத்து என்ன செய்வது என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்துவது முதலில் மனத்துக்கு உறுத்தலாக இருக்கும். ஆனால் குறுகிய நேரத்தில் வேலை செய்பவர்களுக்கு இதைவிடப் பயன் தரும் பழக்கம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நிறம் பொருந்தாமல் போவதை உங்கள் திறமைக் குறைவு என்று எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலும் அது பொருளின் இயல்பிலிருந்து வருவது. எண்ணெய் வண்ணம் உலரும்போது, குறிப்பாக அம்பர் போன்ற மண் நிறங்களும் இருண்ட பகுதிகளும் தம் மேற்பரப்பின் எண்ணெயைக் கீழ் அடுக்குக்கு இழந்து, மங்கி, பொலிவற்றுப் போகின்றன. இருட்டான நிறம் மங்கும்போது அது உண்மையில் இருப்பதைவிட வெளிறியதாகத் தோன்றும். அந்த மங்கிய தோற்றத்தைப் பார்த்து நீங்கள் புதிய நிறத்தைக் கலந்தால் அது தவறான நிறமாகவே அமையும். பரப்பு தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலர்ந்த பின், மங்கிய இடத்தில் மட்டும் ஆளிவிதை எண்ணெயை, வண்ணத்தைக் கரைக்கும் திரவமான டர்பன்டைனோடு சேர்த்து மிக மெல்லியதாகத் தேய்த்து, பஞ்சு இழை ஒட்டாத துணியால் எஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். பழைய நிறம் ஈரமாக இருந்தபோது கொண்டிருந்த ஆழத்தோடு திரும்பிவரும். அதன் பிறகு கலக்கும் நிறம் பொருந்தும். எண்ணெய் தேங்கி நிற்கும்படி விட்டுவிட்டால் அது பின்னாளில் மஞ்சளாகும் என்பதால், துடைப்பதில் கவனம் தேவை.

வெளிச்சமும் இதில் பங்கு வகிக்கிறது. ஒருநாள் சன்னல் வெளிச்சத்திலும் மறுநாள் விளக்கொளியிலும் வரைந்தால், ஓர் ஒளியில் ஒன்றுபோலத் தெரிந்த இரு கலவைகள் மற்றோர் ஒளியில் பிரிந்து தெரியும். விடியுமுன் வரைபவராக இருந்தால், 5000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) அளவிலான, நிறங்களைச் சரியாகக் காட்டும் திறன் (CRI) 90-க்கு மேற்பட்ட ஒரே விளக்கை எப்போதும் பயன்படுத்துங்கள். அதோடு, அடிப்பூச்சு பூசிய சிறு துண்டுக் கித்தானில் அன்றன்று கலந்த முக்கிய நிறங்களை ஒரு கோடு தீட்டி, எவற்றைச் சேர்த்தீர்கள் என்று பக்கத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். நினைவை நம்பிக் கலப்பதைவிட இது மிக விரைவானது. எஞ்சிய வண்ணத்தைக் காற்றுப் புகாத பெட்டியில் வைத்துக் குளிரவிட்டால் சில நாட்கள் கெடாது. ஆனால் உணவு வைக்கும் குளிர்பெட்டியில் அதை வைக்கக் கூடாது. காட்மியம் போன்ற நிறமிகள் நஞ்சுள்ளவை.

எந்த நாளில் எந்த ஓவியத்தை எடுப்பது என்பதை மனநிலையைக் கொண்டு தீர்மானிக்காமல், உலர்ந்த நிலையைக் கொண்டு தீர்மானியுங்கள். எண்ணெய் வண்ணம் நீர் ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு எண்ணெய் வினைபுரிந்து இறுகுவதால் உலர்கிறது. மாங்கனீசு கலந்த அம்பர் நிறங்கள் ஓரிரு நாட்களில் தொடக்கூடியதாகிவிடும்; ஐவரி கறுப்பும் காட்மியம் நிறங்களும் ஒரு வாரத்தைத் தாண்டலாம். முழு ஈரத்தின் மேல் தொடர்ந்து வரைவதிலும், நன்கு உலர்ந்த பரப்பின் மேல் வரைவதிலும் இடரில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட, பசைபோல் ஒட்டும் நிலையில் வரைந்தால் கீழ் அடுக்கு பெயர்ந்து வரும், அல்லது மேல் அடுக்கு பின்னாளில் வெடிக்கும். அடுக்கடுக்காக வரையும்போது கீழ் அடுக்குகளில் எண்ணெய் குறைவாகவும் மேல் அடுக்குகளில் சற்று அதிகமாகவும் இருக்க வேண்டும் என்ற பழைய விதியும் இதே காரணத்தால் வந்தது. எனவே, கித்தானின் பின்னால் செருகும் தாளில், கடைசியாக எந்தப் பகுதியை எந்த நாளில், எவ்வளவு எண்ணெய் சேர்த்துத் தீட்டினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு ஐந்து ஓவியங்கள் அதிகம். மூன்று போதும் என்பது என் கருத்து: ஒன்று அடிநிறம் இடும் நிலையிலும், ஒன்று இடை நிலையிலும், ஒன்று முடிவை நெருங்கும் நிலையிலும் இருந்தால், எந்த நாளிலும் ஏதேனும் ஒன்று தொடத் தயாராக இருக்கும். மற்ற இரண்டையும் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வையுங்கள். பல ஓவியங்களை ஒரே காலத்தில் தொடர்வது இழுக்கான செயல் அன்று. பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனே 1890-91இல் வைக்கோற்போர்களை வரைந்தபோது, வெளிச்சம் மாற மாற ஒரு கித்தானை வைத்துவிட்டு மற்றொன்றை எடுத்தார். அவருக்கு எந்தக் கித்தானை எப்போது எடுப்பது என்பதை வெளிச்சம் கட்டளையிட்டது. உங்களுக்கு உலரும் வேகம் கட்டளையிடட்டும்.

நன்றாக அமைந்த பகுதியைத் தொட அஞ்சுவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாதி ஓவியங்கள் நின்றுபோவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஒரு கண்ணோ ஒரு கையோ அழகாக வந்துவிட்டால், ஓவியர் அதைக் காப்பாற்றுவதற்காக மற்ற அனைத்தையும் அதற்கு ஏற்ப வளைக்கத் தொடங்குகிறார். முழு ஓவியமும் அந்தச் சிறு பகுதிக்குப் பணிசெய்வதாக மாறிவிடுகிறது. அழிந்துவிடும் என்ற பயத்தைக் குறைக்கும் வழிகள் இருக்கின்றன. பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் 1935இல் படுத்திருக்கும் பெண் ஒருத்தியின் பெரிய ஓவியத்தைத் தீட்டியபோது, வண்ணமிட்ட தாள்களை வெட்டிக் கித்தானில் பொருத்திப் பார்த்து மாற்றங்களைச் சோதித்தார். அந்த ஓவியம் கடந்த நிலைகளில் 22 புகைப்படங்களாகப் பதிவாகியுள்ளன. நீங்களும் நினைத்த நிறத்தைத் தாளில் தீட்டி, வெட்டி, அந்த இடத்தில் வைத்துத் தொலைவிலிருந்து பார்க்கலாம். நன்கு உலர்ந்த பரப்பாக இருந்தால் நேரடியாகவே தீட்டிப் பார்க்கலாம். பிடிக்கவில்லையென்றால் அந்த அமர்வு முடிவதற்குள் துணியால் துடைத்துவிட, கீழுள்ளது அப்படியே இருக்கும். எண்ணெய் வண்ணம் தரும் இந்தச் சலுகையைப் பலர் பயன்படுத்துவதே இல்லை.

ஒவ்வோர் அமர்வின் முடிவிலும், ஒரே இடத்திலிருந்து, ஒரே வெளிச்சத்தில் கைப்பேசியால் ஒரு படம் எடுத்து வையுங்கள். பிக்காஸோ 1937இல் ‘குவெர்னிகா’ என்ற ஓவியத்தை வரைந்தபோது அதன் நிலைகளைப் புகைப்படக் கலைஞர் டோரா மார் புகைப்படங்களாக எடுத்ததால்தான், அதன் உருவங்கள் எப்படி இடம் மாறின என்பது நமக்குத் தெரிகிறது. உங்களுக்கு அந்தப் படங்கள் வேறொரு விதத்திலும் உதவும்: அவற்றைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால், நிறங்களின் கவர்ச்சியில் மறைந்திருந்த ஒளி–நிழல் குறைகள் வெளிப்படும். நிறத்தை மட்டும் அந்தப் படங்களைக் கொண்டு மதிப்பிட வேண்டாம். கைப்பேசி தானாகவே நிறங்களைத் திருத்திவிடுகிறது.

முடிந்தது என்று எப்போது சொல்வது என்ற கேள்விக்கு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பதையும் செய்ய ஒன்றுமில்லாமல் நிற்பதையும் பிரித்தறிவதுதான் வழி. முதல் நிலையில் இருந்தால் ஓவியத்தைச் சில வாரங்கள் கண்ணில் படாமல் வைத்துவிட்டு, பிறகு கண்ணாடியில் அதன் பிம்பத்தைப் பாருங்கள். லியொனார்டோ டா வின்சி தம் குறிப்புகளில் ஓவியர்களுக்குச் சொன்ன இந்த அறிவுரை இன்றும் தவறுவதில்லை. இடவலம் மாறிய பிம்பத்தில் உங்கள் கண் பழகிப்போன சாய்வுகளும் கோணல்களும் புதிதாகத் தெரியும். அப்போதும் நீங்கள் விரும்பும் மாற்றங்கள் இந்த ஓவியத்தின் கருத்துக்கு வெளியே இருந்தால், அவை அடுத்த ஓவியத்துக்கு உரியவை, கையெழுத்திட்டு நிறுத்துங்கள். பரப்பு முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. பிரெஞ்சு ஓவியர் செஸான் 1899இல் வரைந்த, ஓவிய வணிகர் ஆம்ப்ருவாஸ் வொல்லாரின் உருவப்படத்தில், கையில் இரு சிறு இடங்கள் தீட்டப்படாமலே இருந்தன. அங்கே ஏதோ ஒரு நிறத்தை மனம்போன போக்கில் வைத்தால், அந்த இடத்திலிருந்து தொடங்கி முழுப் படத்தையும் மறுபடி வரைய வேண்டியிருக்கும் என்று செஸான் சொன்னதாக வொல்லாரே எழுதியிருக்கிறார்.

முடிந்த ஓவியத்துக்கு உடனே இறுதி வார்னிஷ் பூச வேண்டாம். மரபான வார்னிஷுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை காத்திருப்பது வழக்கம். அன்றாட வேலையில் மறக்கக் கூடாத இன்னொன்று, எண்ணெய் தோய்ந்த துணிகள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெப்பத்தை வெளியிடுவதால், கசக்கிக் குவித்த துணிகள் தாமாகவே தீப்பற்றக்கூடும். அவற்றை விரித்துக் காயவிடுங்கள், அல்லது நீர் ஊற்றிய, மூடியுள்ள உலோகப் பெட்டியில் போடுங்கள்.

சுவர்ப் பக்கம் திருப்பி வைத்த இரண்டு ஓவியங்களையும் சில மாதங்கள் கழித்து எடுக்கும்போது, அவற்றின் வெளிர் நிறங்கள் மஞ்சளித்திருந்தால் உடனே திருத்தத் தொடங்கிவிட வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும். வெளிச்சம் பட்டால் அந்த மஞ்சள் பெருமளவு விலகும். நேரடி வெயில் படாத, வெளிச்சமுள்ள இடத்தில் ஒரு வாரமேனும் வைத்த பிறகு, எந்த நிறத்தை மாற்ற வேண்டும் என்று தீர்மானியுங்கள்.